லினக்ஸ் நிறுவப் போய் 48 இலக்கங்களில் மாட்டிக்கொண்ட கதை

லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ எனக்கு ஆனது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் எரிச்சல் தீரவில்லை.

மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருந்தது. அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் வைக்க நினைத்தேன். பென்டிரைவ் தயார் செய்வதெல்லாம் பழகிய வேலைதான். எப்போதோ குறித்து வைத்திருந்த பழைய குறிப்பு ஒன்றை நம்பியதுதான் தவறு. ‘முதலில் செக்யூர் பூட்டை அணைக்கவும்’ என்று அதில் இருந்தது. நம்பகமான மென்பொருளை மட்டும் கணினி தொடங்க விடும் பாதுகாப்பு அமைப்பு அது. அணைத்தேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் அழகாகத் தொடங்கியது. வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்தன. வட்டில் இடம் ஒதுக்கிவிட்டு வரலாம் என்று விண்டோஸுக்குத் திரும்பினால் நீலத் திரை. வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி வேண்டுமாம். 48 இலக்கம்.

நான் பிட்லாக்கரைத் தொட்டதே இல்லை. ஆனால் இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில், முதல்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போதே வட்டு தானாகக் குறியாக்கம் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறிவிடுகிறது; சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தொடக்க அமைப்புகள் மாறாதவரை கணினிக்குள் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லு வட்டைத் தானே திறந்துவிடுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. செக்யூர் பூட்டை நான் அணைத்ததும், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று அது வாயை மூடிக்கொண்டது.

கைப்பேசியில் என் கணக்கைத் திறந்தேன். சாவி இல்லை. பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அதன் கடவுச்சொல்லை மீட்கவே அரைமணி நேரம். அதிலும் இல்லை. சாவி கிடைக்காவிட்டால் வட்டில் இருப்பதையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான், பின்வாசல் கிடையாது. இரவு பதினொன்றரைக்குத் தம்பியை எழுப்பினேன்.

“டேய், இந்த லேப்டாப்பை நீதானே முதலில் அமைத்துக் கொடுத்தாய்?”

“ஆமாம் அக்கா. உனக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது என்றாய். அதனால் என் கணக்கில் போட்டுவிட்டேன். ஏன்?”

அவனுடைய கணக்கில் மூன்று சாவிகள் இருந்தன. நீலத் திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு, எது என்னுடையது என்று கண்டுபிடித்தோம். தூக்கக் கலக்கத்தில் அவன் வாசிக்க, நான் தட்டினேன். ஆறு இலக்கம் கொண்ட எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பது அதற்குள் இருக்கும் கணக்கு. அதனால் ‘எட்டு’ என்றது என் காதில் ‘ஏழு’ என்று விழுந்த இடத்திலேயே பிழை காட்டிவிட்டது. விண்டோஸ் திறந்தது. கண்ணில் நீர் வராத குறைதான்.

“அக்கா, செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிப் பார்த்தாயா? பெரும்பாலும் சாவி கேட்காமலே திறந்திருக்குமே” என்றான் அவன். சற்று நேரம் நான் பேசவில்லை. பெயர்பெற்ற லினக்ஸ் வகைகள் பலவும் செக்யூர் பூட் இயங்கும்போதே தொடங்கும்; அணைக்கவே வேண்டியிருந்திருக்காது என்பதையும் மறுநாள்தான் படித்தேன். ஆகவே, அமைப்புகளில் எதையும் தொடுவதற்கு முன் உங்கள் வட்டு குறியாக்கம் ஆகியிருக்கிறதா, சாவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். காப்புப் படியும் எடுங்கள்.

இரண்டாம் நாள் குறியாக்கத்தை நீக்கவே நெடுநேரம் போயிற்று. பிறகு விண்டோஸ் பகுதியைச் சுருக்கப் போனால், 200 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் 11 ஜிபிதான் தர முடியும் என்றது. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் கிடந்தால் அதற்கு மேல் சுருங்காது. ஹைபர்னேஷன் (நினைவகத்தை வட்டில் சேமித்து உறங்குவது), பேஜ் ஃபைல் (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் இருக்கும் கோப்பு), மீட்புப் புள்ளிகள் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து மறுதொடக்கம் செய்தேன். 120 ஜிபி கிடைத்தது. அன்றைய ஒரே சந்தோஷம் அது.

நிறுவியதில் சொல்ல ஒன்றுமில்லை. இயங்குதளங்களைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதி ஏற்கெனவே வட்டில் இருக்கும், அதையே பயன்படுத்துங்கள்; அதை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

முடித்து மறுதொடக்கம் செய்தால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் கிரப் பட்டியலில் விண்டோஸைக் காணோம். நேற்றைய இரவுக்குப் பிறகு என் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அழியவில்லை. கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, பட்டியலைப் புதுப்பித்ததும் வந்துவிட்டது.

அடுத்து, விண்டோஸ் பகுதியை லினக்ஸில் திறந்தால் படிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியின் வேலை அது. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் கிடக்கும். அதை அணைத்துவிட்டேன். கடிகாரமும் குழம்பியது: வன்பொருள் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் உலக நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸையே உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன், ஒரே கட்டளை.

இப்போது குறியாக்கத்தை மறுபடி இயக்கியிருக்கிறேன், இம்முறை என் கணக்கில். கிரப் வழியாகப் போனால் ஒருமுறை சாவி கேட்டது; அதனால் விண்டோஸ் வேண்டும்போது கணினியின் தொடக்கப் பட்டியலிலிருந்தே நேராகப் போகிறேன். சாவியைத் தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே வைத்திருக்கிறாய் என்று தம்பி கேட்டான். மடிக்கணினிப் பையில்தான் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் எழுந்து போய் இடத்தை மாற்றினேன்.