எர்ணாவூர் மாடியில் சோலார் போட்ட கதை

வடசென்னை எர்ணாவூரில் எங்கள் வீட்டு மாடியில் இப்போது 2 கிலோவாட் சோலார் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் எவ்வளவு ஆச்சு, மானியம் நிஜமாகவே வருதா என்று கேட்பதால் நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் ஓட ஆரம்பித்து 2017ல் நின்றது, ஆனால் அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, 2024ல் 800 மெகாவாட்டில் இன்னொரு யூனிட்டும் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் போகிறது, சாம்பல் மட்டும் நம் பக்கம் தங்கிவிடுகிறது. கொசஸ்தலை ஆற்றில் மீன் பிடித்தவர்களைக் கேட்டால் அந்தக் கதையை இன்னும் நன்றாகச் சொல்வார்கள். நம் வீட்டுக்கு வேண்டிய கரண்டில் கொஞ்சமாவது நிலக்கரி எரிக்காமல் வரட்டும் என்ற எண்ணம் எனக்கு ரொம்ப நாளாகவே இருந்தது.

2024 பிப்ரவரியில், வீட்டு மாடியில் சோலார் போட மானியம் தரும் மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்தது. மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் 78,000தான். உடனே 3 கிலோவாட் போடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அண்ணிதான், முதலில் எதுக்கு இவ்வளவு யூனிட் ஓடுதுன்னு பார்க்கலாம் என்றார். அங்கேதான் எல்லாம் மாறியது.

இரண்டு மாதத்துக்கு எங்களுக்கு 800 யூனிட் பக்கம் வந்துகொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஐந்து ஃபேனும் பழசு, ஒவ்வொன்றும் 75 வாட் இழுக்கிறவை. பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்தது என்றால் 30 வாட்டுக்குள் முடிந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு ஃபேன் ஒரு நாளில் 15 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபேனுக்கே இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். ஐந்துக்கு 200! மாதம் ஒன்று இரண்டு என்று மாற்றினோம். சோக் வைத்த டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்ஈடி போட்டோம், ஏசியை 26ல் வைத்து கூடவே ஃபேனையும் போட்டுக்கொண்டோம். யூனிட் 560 பக்கம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறக்கி 500க்குள் வந்துவிட்டால் அது தனி லாபம், ஏனென்றால் 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை உள்ள குறைந்த கட்டணம் நமக்குக் கிடைக்காது. ஒரே ஒரு யூனிட் அதிகமானாலும் பில் எகிறும்.

ஒரு கிலோவாட் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. எங்களுக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது, மூன்றாவது கிலோவாட்டுக்கான செலவே மிச்சம்.

அப்புறம் பேப்பர் வேலை. பேனலை விட நேரம் பிடித்தது இதுதான். ஈபி இணைப்பு காலமான அப்பா பெயரில் இருந்தது. மானியம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, அண்ணனும் அக்காவும் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதம் எல்லாம் வைத்து அம்மா பெயருக்கு மாற்றினோம். கையோடு ஆதார், பேங்க் பாஸ்புக், ஈபி மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, பாஸ்புக்கில் வேறாக இருந்ததைத் திருத்தினோம். இன்னொன்று, பேனலின் அளவு நம் அனுமதிக்கப்பட்ட லோடுக்குள், அதாவது நம் இணைப்புக்கு ஈபி அனுமதித்த கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது குறைவாக இருந்தது, கூட்டிக் கேட்டு வித்தியாசத்துக்குப் பணம் கட்டினோம்.

இவ்வளவும் முடிந்தபின் திட்டத்தின் தளத்தில் விண்ணப்பித்தது சுலபம். 10 கிலோவாட் வரைக்கும் தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு எதுவும் கிடையாது. கொட்டேஷன் வாங்கும்போதுதான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் கொடுத்த விலை ரொம்பக் குறைவாக இருந்தது, கிளறிக் கேட்டால் அது வெளிநாட்டு செல் வைத்த பேனல். மானியம் வேண்டுமென்றால் டிசிஆர் பேனல், அதாவது செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். கொட்டேஷனிலேயே அந்த வார்த்தையை எழுதி வாங்கிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஸ்டாண்டையும் கேட்டுப் பேசுங்கள். உப்புக் காத்துக்கு வெறும் பெயின்ட் அடித்த இரும்பு தாங்காது, கால்வனைஸ் செய்த ஸ்டாண்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் போடச் சொன்னோம். துணி காயப்போட வசதியாக ஆள் உயரத்துக்குத் தூக்கி நான்கு பேனலும் தெற்குப் பார்த்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்க் நிழல் சாயங்காலம் ஒரு மூலையில் விழும் என்று காட்டி இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னோம், ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கிவிடும்.

நெட் மீட்டர், அதாவது நாம் எடுக்கிற கரண்டையும் வெளியே அனுப்புகிற கரண்டையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர், மாட்டும்வரை ஆன் செய்யவே இல்லை. சில டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகிற கரண்டையும் நாம் எடுத்த கணக்கிலேயே சேர்த்துவிடும், அவசரப்படாதீர்கள். மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்து, சான்றிதழ் வந்தபின் பேங்க் விவரம் கொடுத்தோம். 60,000 அம்மா கணக்கில் விழுந்தது.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா? ஓடாது. கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக சோலாரோடு வரும் இந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பழைய பேட்டரி இன்வெர்ட்டரை அதனால் நாங்கள் விற்கவில்லை.

நம் பக்கத்துக்கென்று ஒரு வேலை இருக்கிறது, கழுவுவது. விடியற்காலையில் பேனல் சூடாவதற்குள் வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் வைத்துத் துடைக்கிறேன். பேனலின் கீழ் விளிம்பில் சாம்பல் கோடாகப் படிந்திருக்கும், விரலால் தொட்டால் பவுடர் மாதிரி ஒட்டும், முதல் வாளித் தண்ணீர் சாம்பல் நிறத்தில்தான் வடியும். இதைத்தான் நாம் சுவாசிக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

வடசென்னையில் நிறையப் பேருக்குச் சொந்த மாடி இல்லை, ஷீட் வீடு, வாடகை வீடு, வாரியக் குடியிருப்பு. அவர்களை விட்டுவிட்டு இதைப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாடகை வீட்டில் இருந்தால் ஃபேனை மாற்றுங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். அடுக்குமாடிச் சங்கம் இருந்தால் மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. அக்கா இருக்கும் தண்டையார்பேட்டை பிளாக்கில் சங்கத்துக்காரர்கள் மாடியை அளந்துவிட்டார்கள், பொது மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போது பழைய ஈபி கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.