ரெஜைனாவுக்கு ரயில் கிடையாது: ரான் லங்காஸ்டர் போன வழியில் ஒரு பயணம்

முதலில் பஸ் கதையைச் சொல்லிவிட்டால்தான் மனசு ஆறும். சஸ்காட்செவான் மாகாணத்தின் தலைநகரம் ரெஜைனா. பயணிகள் ரயில் இந்த ஊர்ப் பக்கம் வருவது 1990-லேயே நின்றுபோனது. மாகாண அரசு நடத்தி வந்த பஸ்ஸை 2017 மே மாதம் மூடினார்கள். கிரேஹவுண்ட் பஸ் கம்பெனி 2018 அக்டோபர் முடிவோடு மேற்கு கனடாவைவிட்டே போனது. மிச்சம் இருப்பது சில தனியார் வண்டிகள்தான். அவற்றில் பலவற்றுக்கு நிறுத்தம் என்பது பெட்ரோல் பங்க் வாசலோ கடை வாசலோதான். உட்கார இடம் கிடையாது, சுவர் கிடையாது. அக்டோபர் மாலையில் சமவெளிக் காற்று ஜாக்கெட்டைத் துளைக்கும்போது வண்டி தாமதமானால் ஒதுங்கக்கூட வழியில்லை. டிக்கெட் எடுக்கும்போதே நிறுத்தத்தின் முகவரியை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். நகர மையம் என்று போட்டிருந்தாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடும் வண்டி உண்டு.

இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே போக ஒரு காரணம் போதும்: ரான் லங்காஸ்டர். 1938-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். கனடிய ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். உயரம் குறைவு என்பதால் ‘குட்டி ஜெனரல்’ என்று பெயர். கனடிய ஃபுட்பால் லீகில் 1960 முதல் 1978 வரை ஆடி 50,535 கெஜம் பாஸ் எறிந்தார். ஓய்வு பெற்றபோது லீகில் அதுதான் சாதனை. பிறகு டேமன் ஆலன் தாண்டினார், அவரையும் தாண்டி ஆன்டனி கால்வியோ 79,816-ல் நிறுத்தினார். லங்காஸ்டர் எறிந்ததில் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) ஆன பாஸ் 333, எதிரணி நடுவில் பிடித்துக்கொண்ட பாஸ், அதாவது இன்டர்செப்ஷன், 396. இரண்டாவது எண்ணைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பத்துக் கெஜம் முன்னேற அமெரிக்காவில் கிடைக்கும் நான்கு முயற்சிக்கு (டவுன்) பதில் இங்கே மூன்றே, 110 கெஜ நீளத்தில் 65 கெஜ அகல மைதானம், அணிக்கு 12 பேர். இரண்டு முயற்சியில் பத்துக் கெஜம் எடுக்காவிட்டால் மூன்றாவதில் பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். துணிந்து தூர எறிந்தவர் கையில் இன்டர்செப்ஷன் சேரத்தான் செய்யும்.

இந்த வழியை ஏன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால், ஆட்டக்காரராக அவரை அழவைத்த ஊர்களே பின்னால் அவருக்குக் கோச் வேலை கொடுத்தன. புள்ளிவிவரத்தில் இது தெரியாது. ஊர் ஊராகப் போனால் தெரியும்.

ஒட்டாவாவில் ஒரு மதியம் போதும். பேங்க் தெருவில் போகும் பஸ் லான்ஸ்டவுன் மைதான வாசலிலேயே விடும். 1960-ல் ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ் லீகின் கோப்பையான கிரே கப்பை ஜெயித்தபோது லங்காஸ்டரும் ரஸ் ஜாக்சனும் குவார்ட்டர்பேக் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். அணி ஜாக்சனை வைத்துக்கொண்டு, 1963-ல் லங்காஸ்டரை சஸ்காட்செவானுக்கு 500 டாலருக்கு விற்றது. கிழக்கு அணி எதற்கும் அவரை மறுபடி விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் போட்டார்கள். எதிரே நிற்பாரோ என்ற பயம் அந்த நிபந்தனையில் அப்படியே தெரிகிறது. வாங்கிய அணியின் பெயர் ரஃப்ரைடர்ஸ். ஒட்டாவாவில் இரண்டு சொல், ரெஜைனாவில் ஒரே சொல். பழைய ஸ்கோர் படிக்கும்போது இதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள்.

ரெஜைனாவுக்கு விமானத்திலேயே போய்விடுங்கள். விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது, டாக்ஸிக்குப் பெரிதாகச் செலவாகாது. சாஸ்கட்டூன் வரை ரயிலில் வந்து இறங்கலாம் என்ற ஆசை அழகான ஆசைதான். ஆனால் அந்த ரயில் வாரத்துக்குச் சில நாள்தான் வரும். தண்டவாளம் சரக்கு ரயில் கம்பெனிக்குச் சொந்தம் என்பதால், சரக்கு வண்டிக்கு வழிவிட்டு மணிக்கணக்கில் நிற்கும். இறங்கிய பிறகும் ரெஜைனா 260 கிலோமீட்டர். மேட்ச் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த விஷப்பரீட்சை வேண்டாம். இன்னொன்று: சஸ்காட்செவானில் கோடை வந்தாலும் கடிகாரத்தைத் திருப்ப மாட்டார்கள். டொராண்டோவுக்கும் ரெஜைனாவுக்கும் கோடையில் இரண்டு மணி நேர வித்தியாசம், நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு ஒரு மணி நேரம். டிவி அட்டவணையில் கிழக்கு நேரம் போட்டிருப்பான். அதை நம்பி மைதானத்துக்குக் கிளம்பாதீர்கள்.

செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே வார இறுதியில் வினிபெக் அணி இங்கே வரும். ஊரே அணியின் நிறமான பச்சையாகும், ஹோட்டல் வாடகை எகிறும். அந்த ஒரு மேட்ச்தான் வேண்டும் என்றால் அறையை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடியுங்கள். கையில் காசு குறைவு என்றால் ஜூன் கடைசியோ ஜூலையோ போங்கள். அதே கூட்டம், அதே சத்தம், பாதிக் கவலை.

செலவுக் கணக்கில் வரியைச் சேர்க்காமல் ஏமாறாதீர்கள். இங்கே மத்திய வரி 5, மாகாண வரி 6, மொத்தம் 11 சதவீதம். ஹோட்டல் சாப்பாட்டுக்கும் உண்டு, மேட்ச் டிக்கெட்டுக்கும் உண்டு. மெனுவில் 20 டாலர் என்று இருந்தால் வரியோடு 22.20, டிப்ஸ் 15 சதவீதம் என்றால் இன்னும் 3, கடைசியில் 25.20. கார்டு மெஷின் காட்டும் டிப்ஸ் வரிக்கு மேல் போட்ட தொகையாகவும் இருக்கலாம், கையால் மாற்றிக்கொள்ளலாம். ஆல்பர்ட்டாவில் வரி 5 சதவீதம்தான், ஒன்டாரியோவில் 13. ஆகவே ஜெர்சி, தொப்பி மாதிரி எந்த ஊரிலும் கிடைக்கும் விளையாட்டுச் சாமானை எட்மன்டனில் வாங்குங்கள்.

சாப்பாட்டில் மட்டும் ரெஜைனா கைவிடாது. இந்த ஊர் பீட்சாவுக்கென்று ஒரு பாணி இருக்கிறது. மாவு மேல் இறைச்சியை அடுக்கடுக்காகக் குவித்து, அதன் மேல் சீஸைப் போட்டு மூடி, முக்கோணமாக வெட்டாமல் சதுரமாக வெட்டித் தருவார்கள். ஒரு துண்டு எடுத்தால் கை இறங்கும், அவ்வளவு கனம். இரண்டு பேருக்கு நடுத்தர அளவு தாராளம். பெரியது வாங்கினால் மறுநாள் காலைச் சாப்பாடும் முடிந்தது. சூடாக இருக்கும்போது தூக்கினால் மேலே இருப்பது மொத்தமாகச் சரியும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முள்கரண்டியால் ஓரத்துச் சதுரத்திலிருந்து தொடங்குங்கள். கனடாவில் இதைவிட வயிறு நிறையும் சாப்பாடு இந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம்.

மைதானத்தில் பல ரசிகர்கள் தலையில் தர்பூசணி ஹெல்மெட் இருக்கும். நீங்களும் செய்யலாம். நீள்வட்டப் பழமாக, உங்கள் தலைச் சுற்றளவைவிட நன்றாகப் பெரியதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கத்தைச் சீவி, பெரிய கரண்டியால் சதையைச் சுரண்டியெடுங்கள். தோல் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்கும் மெல்லியதாகச் சுரண்டினால் முகத்துக்கு வெட்டும் இடத்திலிருந்து விரிசல் ஓடும். உள்ளே காகிதத் துண்டால் இரண்டு மூன்று முறை ஒற்றுங்கள். நீச்சல் தொப்பி போட்டுக்கொண்டு அதன் மேல் கவிழ்த்தால் சாறு கண்ணில் வழியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் குளவி மொய்க்கும் என்பதால் மேட்ச் காலையில் செய்யுங்கள், முந்தின இரவில் வேண்டாம்.

2017-ல் திறந்த மொசைக் ஸ்டேடியத்தில் ஆடுகளத்துக்கு மேல் கூரை கிடையாது. லங்காஸ்டர் ஆடியது இதில் இல்லை. அவர் ஆடிய டெய்லர் ஃபீல்ட் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. 2016-ல் கடைசி ஆட்டம், பிறகு இடித்துவிட்டார்கள். 1963-ல் கால்கரியில் 35-9 என்று தோற்றுத் திரும்பிய அணி, இரண்டாவது ஆட்டத்தில் அங்கே 39-12 என்று ஜெயித்தது. இரண்டு ஆட்டத்தின் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கும் விதியில் 48-47, ஒரே புள்ளி. அந்த இடத்தில் நின்று அதை நினைத்துப் பார்க்காமல் ஊரைவிட்டுக் கிளம்புவது பாவம். மூன்று வருடம் கழித்து, 1966-ல் வான்கூவரில், தன்னை விற்ற ஒட்டாவாவையே 29-14 என்று வீழ்த்தி சஸ்காட்செவானுக்கு முதல் கிரே கப் வாங்கிக்கொடுத்தார். மூன்று டச்டவுன் பாஸ் எறிந்தார், ஜார்ஜ் ரீட் பந்தோடு ஓடி இன்னொரு டச்டவுன் போட்டார். பிறகு நான்கு முறை இறுதிக்குப் போய் நான்கிலும் தோல்வி. 1976-ல் டொராண்டோவில் 20 விநாடி மிச்சமிருக்கும்போது டோனி கேப்ரியல் பிடித்த பாஸில் ஒட்டாவா 23-20 என்று பறித்துக்கொண்டது. இத்தனை கொடுத்த மனிதரை 1978-ல் சொந்த ஊர்க் கூட்டமே கடைசி ஹோம் ஆட்டத்தில் கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. ரெஜைனாவை எவ்வளவு பிடித்தாலும் இதை மன்னிக்க முடியவில்லை. அடுத்த வாரம் எட்மன்டனில் நான்காவது குவார்ட்டரில் இறங்கி ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்தார். எழுந்து நின்று கைதட்டியது எதிரணி ரசிகர்கள்.

அந்த எட்மன்டனுக்கு ரெஜைனாவிலிருந்து சாலை வழி ஏறத்தாழ 780 கிலோமீட்டர். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடும் வாடகை காருக்குத் தனிக் கட்டணம் தீட்டுவார்கள். வாடகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் மொத்தத்தைப் பாருங்கள். இருட்டிய பிறகு மான் குறுக்கே பாயும், பகலில் ஓட்டுங்கள். விமானத்தில் வந்தால் டாக்ஸிக்காரரிடம் மாட்டாதீர்கள். விமான நிலையம் ஊருக்கு வெகு தெற்கே இருக்கிறது, மீட்டர் மளமளவென்று ஏறும். 747 பஸ்ஸில் செஞ்சுரி பார்க் வந்து, அங்கிருந்து நகர ரயிலில் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் எதிரே காமன்வெல்த் ஸ்டேடியம். அவருக்குக் கைதட்டல் கிடைத்தது இங்கேதான். 1979, 80-ல் ரெஜைனாவில் கோச்சாக இருந்தபோது வருடத்துக்கு இரண்டே வெற்றி. பிறகு பத்து வருடம் டிவி வர்ணனை. 1991-ல் எட்மன்டன் அவரைக் கூப்பிட்டது. ஜெனரல் மேனேஜர் ஹியூ கேம்ப்பெல், 1966 இறுதியில் அவருடைய பாஸைப் பிடித்து டச்டவுன் போட்டவர். 1993-ல் கிரே கப்.

கடைசியாக ஹாமில்டன். டொராண்டோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து கோ (GO) பஸ், ஹன்டர் தெரு நிலையத்தில் இறக்கும். அங்கிருந்து ஸ்டேடியம் கிழக்கே நாலு கிலோமீட்டர், பார்ட்டன் தெருப் பக்கம் போகும் நகர பஸ் பிடியுங்கள். கனடிய ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் ஸ்டேடியத்துக்குள்ளேயே இருப்பதால், திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். லங்காஸ்டரை 1982-ல் சேர்த்தார்கள். ஆனால் அங்கே இருக்கும் அவருடைய மார்பளவுச் சிலையைவிட முக்கியம் நீங்கள் நிற்கும் மண். முன்பு இங்கே ஐவர் வின் ஸ்டேடியம் இருந்தது. 1972 இறுதியில் ஆட்டம் முடியும் தறுவாயில் இயன் சன்டர் உதைத்த ஃபீல்ட் கோலில் (கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது, மூன்று புள்ளி) 13-10 என்று அவர் தோற்றது இங்கே. 1996-ல் எட்மன்டன் கோச்சாக, கொட்டும் பனியில், டொராண்டோவிடம் 43-37 என்று தோற்றதும் இங்கே. 1998-ல் அதே இடத்துக்கு ஹாமில்டன் கோச்சாக வந்தார். முந்தைய வருடம் 18 ஆட்டத்தில் இரண்டு மட்டும் ஜெயித்திருந்த அணி, குவார்ட்டர்பேக் டேனி மக்மானஸும் பாஸ் பிடிக்கும் டேரன் ஃப்ளூட்டியும் கூட வர, அந்த வருடமே 12 ஜெயித்து இறுதிக்குப் போனது. 1999-ல், மறுபடி வான்கூவரில், கால்கரியை 32-21 என்று வீழ்த்திக் கோப்பையும் வந்தது.

பழைய மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்தது, இப்போதையது வடக்கு தெற்கு. சன்டர் உதைத்த கோல் கம்பத்தைத் தேடி இன்றைய எல்லைக் கோட்டில் நின்றால் தப்பு. பக்கவாட்டு இருக்கைப் பக்கம் பாருங்கள். 2027 முதல் மைதானத்தை 100 கெஜமாகக் குறைப்பதாக லீக் அறிவித்திருக்கிறது, 110 கெஜத்தில் ஒரு மேட்சாவது பார்க்க விரும்புகிறவர்கள் அதற்குள் போய்விடுங்கள். முடிந்ததும் ஒட்டாவா தெரு வரை நடந்தால், 1964-ல் திறந்த முதல் டிம் ஹார்ட்டன்ஸ் கடையில் காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். மேட்ச் முடிந்து பஸ் நிலையத்தில் வரிசை நீளும், கடைசி வண்டியை நம்பி இருக்காதீர்கள்.