ரஷ்ஷுக்குப் பேர் கொடுக்கும் முன்

அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் இளநிலை படிக்கப் போனபோது, சொராரிட்டி என்றால் பெண்கள் விடுதி என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஆள் பார்த்துச் சேர்க்கும் மாணவிகள் சங்கம். ஒவ்வொன்றுக்கும் தூண் வைத்த பெரிய வீடு, முகப்பில் கிரேக்க எழுத்து. ஆள் சேர்க்கும் வாரத்துக்கு ரஷ் என்று பெயர். வீடு வீடாகப் போய்ச் சிரித்துப் பேச வேண்டும். முதல் நாள் எல்லா வீட்டிலும் வரவேற்பு. மூன்றாம் நாள் என்னைத் திரும்ப அழைத்தவர்கள் பட்டியலில் ஒரே வீடு. நான்காம் நாள் அதுவும் இல்லை.

யாரும் முகம் சுளிக்கவில்லை. விஷயம் அப்புறம்தான் புரிந்தது. அப்போது முன்னாள் உறுப்பினர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. அம்மாவோ பாட்டியோ அதே சங்கத்தில் இருந்திருந்தால் இன்னும் நல்லது. வெள்ளையரை மட்டும் சேர்த்த காலத்தில் தொடங்கிய வரிசை அது. என் திருநெல்வேலி ஆச்சிக்கு அதில் ஏது இடம்? (ஊரையும் குலத்தையும் விசாரித்து ஆளை எடை போடுவது நமக்கும் புதிதில்லை.)

அலபாமா பல்கலைக்கழகத்தில் 1963இல் கறுப்பின மாணவர்களைத் தடுக்க ஆளுநர் வாலஸ் வாசலிலேயே போய் நின்றார். சரியாக 50 ஆண்டு கழித்து, 2013இல், அங்குள்ள மாணவர் பத்திரிகை 'தி கிரிம்சன் ஒயிட்' ஒரு செய்தி வெளியிட்டது: நல்ல மதிப்பெண் வாங்கிய கறுப்பினப் பெண்ணைச் சொராரிட்டியில் சேர்க்க உறுப்பினர்களில் சிலர் விரும்பியும், முன்னாள் மாணவிகள் தடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் பேச்சான பிறகு நிர்வாகம் சேர்க்கையை மறுபடி திறக்கச் சொன்னது. சிலர் உள்ளே வந்தார்கள். இனவெறிக்கு எதிரான 2020 போராட்டங்களுக்குப் பின் சில சங்கங்கள் வாரிசுச் சலுகையைக் கைவிட்டன. நகர்கிறது, ஆனால் ஆமை வேகம்.

ஆகவே தங்கைகளே, விளம்பரப் படத்தில் ஒரு கறுப்பு முகம் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். வெள்ளையரல்லாதவர் யாராவது தலைவராகவோ பொருளாளராகவோ இருந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில்.

வேறு வழியும் உண்டு. கறுப்பினப் பெண்கள் 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்தான் சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் சேர்ந்தார். தெற்காசியப் பெண்களுக்கென 1998இல் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா பிறந்தது. தனிச் சங்கம் தீர்வாகாது என்பார்கள். இருக்கலாம். பதினெட்டு வயதில் தனியாக வந்து இறங்கியவளுக்குத் தீர்வைவிடத் தோழிகள்தான் அவசரம்.

ரஷ் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.