பழைய பிக்அப்புக்கு எந்த ஆயில்? ஊற்றிப் பார்த்த கதை

சித்தப்பாவின் பிக்அப் என் கைக்கு வந்தபோது வீட்டில் எல்லாரும் கேட்டது மைலேஜ். எனக்குக் கவலை வேறு. வண்டி ஆயில் குடித்தது. காமன் ரயில் என்கிற கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு டீசல் முறை வருவதற்கு முந்தைய காலத்து பம்ப் வண்டி, 2.5 லிட்டர் டர்போ டீசல். அம்பத்தூர் எஸ்டேட்டில் வருஷக்கணக்காக லோடு அடித்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ஆயில் காணாமல் போனது. அடியில் அட்டை விரித்து ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் என்ஜினுக்குள்ளேயே எரிகிறது.

சென்னையில் பாடி ஏரியா பக்கம் இருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணன் டிப்ஸ்டிக்கைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வண்டிக்கு வயசாயிடுச்சு தம்பி. 20டபிள்யூ-50 ஊத்து, தானா அடங்கிடும்." சென்னையில் பழைய வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வருகிற பதில்தான் இது.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிருக்கானது. 15டபிள்யூ என்றால் மைனஸ் 20 டிகிரியில் என்ஜின் சுற்ற வேண்டும் என்ற கணக்கு. மார்கழி விடியலிலும் 18, 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத நம் ஊரில் அதைப் பார்த்துக் காசு கொட்ட வேண்டியதில்லை. பின்னால் இருக்கிற எண்தான் நமக்கு. 100 டிகிரி சூட்டில் 40 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும்; 50 கிரேடு அதற்கு மேலே 21.9 வரை. வித்தியாசம் சின்னதில்லை.

சரி, பெரியவர் பேச்சைத் தட்டுவானேன் என்று ஒரு சுற்று 20டபிள்யூ-50 ஊற்றினேன். குறைவது கொஞ்சம் குறைந்தது, உண்மைதான். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் அணையக் கூடுதல் நேரம் எடுத்தது; மேலே டப்பெட் சத்தமும் அதுவரை நிற்கவில்லை. பாடி மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி மந்தமாக இழுத்தது போலவும் பட்டது, அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். எனக்கு உறுத்தியது டர்போதான். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடிய தண்டு, ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அங்கே ஆயில் தாமதமாகப் போய்ச் சேருவதை நான் விரும்பவில்லை.

அதனால் ஆயிலை விட்டுவிட்டுப் புகையைப் பார்க்க ஆரம்பித்தேன். லோடோடு இழுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்மேல் சந்தேகம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது மட்டும் புஸ்ஸென்று நீலமாகத் தள்ளிவிட்டு நின்றுவிட்டால், வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. டர்போவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் ஆயில் தேங்கியிருக்கிறதா என்பதும் தெரியும். எங்கள் வண்டியில் ஹோஸ் லேசான ஈரம்தான். ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் காற்று, பெரிதாக அடிக்கவில்லை. காலைப்புகை மட்டும் தவறாமல் வந்தது.

ஹெட்டை இறக்காமலே சீல் மாற்றலாம் என்று அண்ணனே ஒத்துக்கொண்டார். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டால் வால்வு உள்ளே விழாது. ஸ்பிரிங்கை அமுக்கி, இரண்டு லாக்கையும் எடுத்து, பழைய சீலைப் பிடுங்கினோம். ரப்பராக இருக்க வேண்டியது விரலுக்கு நடுவே பிளாஸ்டிக் போல உடைந்தது. புது சீல் செட் ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, "ஐம்பதும் ஊத்தியிருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்கிறார்.

நான் 15டபிள்யூ-40க்கே திரும்பினேன், ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) வகுத்த சிஐ-4 பிளஸ் தரத்தில். சி என்று தொடங்குவது டீசலுக்கு, எஸ் என்பது பெட்ரோலுக்கு. டப்பாவில் இதைத்தான் முதலில் தேட வேண்டும், கம்பெனிப் பெயர் அப்புறம். புதிய சிகே-4 தரத்தில், ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அளவுக்கு வரம்பு வைத்திருப்பது முக்கியமாகப் புகைக்குழாய் வடிகட்டி உள்ள வண்டிகளுக்காக. என் வண்டியில் அது கிடையாது. டீசலில் கந்தகம் அதிகமிருந்த நாளில் அமிலத்தை முறிக்கும் காரச்சத்து ஆயிலில் நிறைய வேண்டியிருந்தது. 2020-லிருந்து நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல், கந்தகம் 10 பிபிஎம்தான். அதனால் சிந்தெடிக் இல்லாத நல்ல மினரல் ஆயிலே போதும், மிச்சக் காசில் சீக்கிரம் மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. சிக்னல் சிக்னலாக நின்று ஐடிலில் ஓடும் நேரத்தை மீட்டர் கணக்கில் காட்டாது. மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நான் அப்படியே நம்பாமல் முன்கூட்டியே வடித்துவிடுகிறேன்.

வடிப்பதைச் சூட்டோடு செய்ய வேண்டும். டிரெயின் போல்ட்டைத் தளர்த்தியதும் கையை இழுத்துக்கொள்ளாவிட்டால் முழங்கை வரை கறுப்பு. புது ஆயில் ஊற்றி வீட்டுக்கு வருவதற்குள் அதுவும் கறுத்துவிடும். டீசலில் அது கரி, கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை. வடித்ததில் ஒரு சொட்டை ஃபில்டர் பேப்பரில் விட்டுக் காய வைக்கிறேன். கறுப்பு நடுவிலேயே திட்டாக, ஓரம் வெட்டியது போல நின்றால் ஆயிலுக்குக் கரியைச் சுமக்கத் தெம்பில்லை. என்னுடையது இதுவரை சாம்பல் வட்டமாக விரிந்துதான் காய்கிறது. பழைய ஆயிலைக் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப் பீப்பாயில் சேர்த்துவிடுவேன், சாக்கடைக்குப் போகாது. காலி டப்பாவை மூடியோடு அப்படியே பழைய பேப்பர் கடையில் போடுவதுமில்லை. குத்திவிட்டுத்தான் போடுகிறேன், டூப்ளிகேட் ஆயில்காரனுக்கு அது தங்கம்.

சீல் போட்ட பிறகு ஆயில் குறைவது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. காலைப்புகை இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் பின் ஆக்சிலைத் திறந்தேன். தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்து பிரீதர் என்கிற காற்றுத்துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெளியே வந்தது பால் கலந்த டீ நிறம். கழுவி ஜிஎல்-5 கிரேடு 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றி, பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி சேஸிஸ் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். கியர்பாக்ஸில் ஜிஎல்-4தான்; ஜிஎல்-5-ல் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும்.

எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. அதற்கு முன்னால் பின் ஸ்பிரிங் பட்டையின் புஷ் மாற்ற வேண்டும்; காலி வண்டியில் வேகத்தடை ஏறினால் இடது பக்கம் டொக்கென்கிறது.