வியாழக்கிழமைச் சந்தையும் நாளில்லாச் சந்தையும்

எங்கள் வீட்டில் நீண்ட நாளாகத் தீராமல் இருந்த ஒரு வழக்குக்காகவே 2025 ஏப்ரலில் கணக்கு நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இணையத்தில் வாங்குவதால் காசு மிச்சமாகிறது என்பது என் கட்சி. வீட்டுக்குள் பொருள் சேருகிறதே தவிரக் காசு மிச்சமாகவில்லை என்பது என் கணவரின் கட்சி. கோபிசெட்டிபாளையத்தில் பால் காசு, பூக் காசு உட்பட அன்றாடச் செலவை எழுதி வைக்கும் பழக்கம் என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. அதனால் இருவரும் வாயால் பேசிக்கொண்டிருப்பதைவிட நோட்டைக் கேட்பதே முறை என்று முடிவு செய்தோம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை பன்னிரண்டு மாதங்களில் கைப்பேசி வழியே 74 பொருள்கள் வாங்கியிருந்தேன். அவற்றுள் 6 திருப்பி அனுப்பப்பட்டன. மீதி 68 பொருள்களுக்குக் கொடுத்த தொகை 68,430 ரூபாய். ஒவ்வொரு பொருளையும் பார்த்து, 'இணையம் என்ற ஒன்றே இல்லாதிருந்தால் இதைக் கடைக்குப் போய் வாங்கியிருப்பேனா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதினேன். கட்டாயம் வாங்கியிருப்பேன் என்ற பத்தியில் 29 பொருள்கள், 41,600 ரூபாய். அவற்றையே உள்ளூரிலும் ஈரோட்டிலும் வாங்கியிருந்தால் விசாரித்த விலைப்படி ஏறத்தாழ 46,100 ரூபாய் ஆகியிருக்கும். ஆக, என் கட்சிக்குக் கிடைத்த மிச்சம் 4,500 ரூபாய். வாங்கியிருக்கவே மாட்டேன் என்ற பத்தியில் 39 பொருள்கள், 26,830 ரூபாய். இதற்கிடையில், இதுவரை 'நீங்கள் சேமித்தது' என்று செயலி ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் பச்சை எழுத்தில் காட்டிய தொகைகளைக் கூட்டினால் 51,000 ரூபாயைத் தாண்டியது. அந்த எண்ணை என் கணவரிடம் காட்டியபோது, அந்தப் பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்று மிகுந்த அமைதியுடன் கேட்டார்.

அந்த 4,500 ரூபாயை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் சிற்றூர்க்காரர்களுக்கு அதன் பொருள் எண்ணிக்கையைவிடப் பெரியது. எங்கள் மிக்சி ஜாரின் அடியில் இருக்கும் ரப்பர் கப்ளர் தேய்ந்துபோனபோது, அது தனியாக வராது, ஜாரையே மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். இணையத்தில் அது நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. தோட்டத்து மோட்டாருக்கு வேண்டிய கெபாசிட்டருக்காகக் கோயம்புத்தூர் வரை போய் அரை நாளைத் தொலைத்த காலமும் உண்டு. ஆகஸ்டு மாத ஈரோடு புத்தகத் திருவிழாவுக்காக ஆண்டு முழுவதும் பட்டியல் போட்டுக் காத்திருந்த எனக்கு, வேண்டிய நூல் மூன்றாம் நாள் வாசலுக்கு வருவது இன்றும் வியப்புதான். தேவை முதலில் பிறந்து, அதன் பிறகு தேடிப்போய் வாங்கிய பொருள்களில் எனக்கு நட்டம் வந்ததே இல்லை.

இரண்டாம் பத்தியில் இருந்த 39 பொருள்களில் தேவை முதலில் பிறக்கவில்லை. பொருள் முதலில் கண்ணில் பட்டது. காய் நறுக்கும் கருவி இரண்டு, ஒருமுறை மட்டும் ஒளிர்ந்த சூரிய விளக்கு, என் கைக்குப் பொருந்தாத வளையல் அடுக்கு என்று அந்தப் பட்டியலை முழுமையாக எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்றும் நாள்தோறும் பயன்படுவதால், எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது.

என் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, புன்செய் புளியம்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர். வியாழக்கிழமைச் சந்தைக்கு அவரோடு நான் போயிருக்கிறேன். வாரம் முழுவதும் அடுப்படியில் தீர்ந்துபோனவற்றை மனத்தில் அடுக்கி வைத்திருப்பார். சுருக்குப்பையில் இருக்கும் காசுதான் எல்லை. காசு தீர்ந்தால் சந்தையும் தீர்ந்தது. வாங்கியதைத் தலையிலோ இடுப்பிலோ சுமந்து பேருந்து ஏற வேண்டும் என்பதால் கூடையின் கனமும் ஓர் எல்லையாக இருந்தது. சந்தையில் விலை குறைவு என்பதால்தான் அவர் சிக்கனமாக இருந்தார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நாள், தூரம், சுமை, பையில் இருந்த காசு ஆகிய நான்கும் சேர்ந்துதான் அவர் கையைக் கட்டியிருந்தன என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகே புரிந்தது. கைப்பேசியில் இருக்கும் சந்தை இந்த நான்கையும் நமக்கு இடைஞ்சல் என்று சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டே காப்புரிமை பெற்றது என்றால், வாங்குபவர் யோசிக்கும் சில நொடிகளின் மதிப்பை வணிகர்கள் எவ்வளவு முன்னதாகவே அறிந்திருக்கிறார்கள் பாருங்கள்.

அடித்துக் காட்டப்படும் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1,999 என்பதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 499 என்று பார்த்தவுடன் நம் மனம் 499 கொடுப்பதை மறந்து 1,500 கிடைத்ததாகக் கணக்குப் போடுகிறது. பொருளின் பயனால் வரும் மகிழ்ச்சி வேறு, பேரம் படிந்ததால் வரும் மகிழ்ச்சி வேறு என்று 1985ஆம் ஆண்டிலேயே பிரித்து எழுதியவர் ரிச்சர்ட் தேலர். 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆனால் இதை எனக்கு விளங்க வைத்தவர் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் என் சித்தி மகன். அட்டையில் அச்சடிக்கும் அதிகபட்ச விலையை எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "பையர் என்ன ரேட்டு போடச் சொல்றாங்களோ அதைப் போட்டு அடிக்கறதுதானுங்கக்கா" என்றான். அதிகபட்ச விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பதே சட்டம். அந்த அதிகபட்சத்தைத் தயாரிப்பவரும் பொதியிடுபவரும் தாமே எழுதிக்கொள்கிறார்கள். எழுதியவரே அடித்துக் காட்டும் எண்ணிலிருந்து எனக்கு எப்படி மிச்சம் பிறக்கும்?

அவனுக்காக வாங்கிய பனியன் ஒன்றை அவனிடமே கொடுத்தபோது, விரல்களுக்கிடையில் துணியைத் தேய்த்துப் பார்த்து, 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று போட்டிருந்தாலும் துணி அவ்வளவு கனம் நிற்காது என்றான். பொட்டலத்தின் மேல் அனுப்புநர் முகவரி திருப்பூர் என்றே இருந்தது. திருப்பூரின் பனியன் கடைவீதியான காதர்பேட்டைக்குப் போயிருந்தால் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து வாங்கியிருக்கலாம். திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதே என்பீர்கள். திரும்பி வரும் துணியின் போக்குவரத்துச் செலவை அடுத்த துணியின் விலையில் ஏற்றித்தான் விற்பவர் தாக்குப்பிடிக்கிறார் என்பதையும் அவனே சொன்னான்.

இலவசமாகக் கொண்டுவந்து தருவதற்கு இன்னும் 120 ரூபாய்க்கு வாங்குங்கள் என்று செயலி சொன்னபோதெல்லாம், 40 ரூபாய்க் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக 150 ரூபாய்க்கு ஏதோ ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். என் 39 பொருள்களில் 11 அவ்வாறு வந்தவை. ஒரு செயலியில் நான் கேட்காமலேயே நன்கொடை என்று ஒரு சிறு தொகை சேர்ந்திருந்ததை இரண்டு மாதம் கழித்தே கவனித்தேன். இப்படிக் கூடையில் நுழைப்பதும், 'இன்னும் இரண்டே உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் உட்பட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. 120 ரூபாய்க்கு மேலும் வாங்கச் சொல்வது என் ஆசையைத் தொட்டதே தவிர என்னை ஏமாற்றவில்லை. அதற்கு எந்த நெறியையும் காட்டி நான் முறையிட முடியாது.

பணம் கொடுக்கும் விதமும் மாறிவிட்டது. பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் தரும் முறையை பிளிப்கார்ட் 2010இல் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் பலருக்கு இணையத்தின்மேல் நம்பிக்கை வந்தது. அதில் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது ஒரு சுருக்கென்ற வலியாவது இருந்தது. 2016இல் யுபிஐ வந்த பின்பு அந்த வலியும் போயிற்று. அமெரிக்காவில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டுப் போட்டியின் நுழைவுச் சீட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், கடன் அட்டையால் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கம் தர வேண்டியவர்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு விலைக்கு ஏலம் கேட்டார்கள்.

கடனும் முகம் பார்க்காததாகிவிட்டது. எங்கள் மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டில் வட்டி கிடையாது. ஆனால், "போன மாசத்துப் பாக்கி நிக்குதுங்களே" என்று அவர் ஒரு சொல் சொன்னால், அன்றைக்கு முந்திரிப் பருப்பு வாங்க நா எழாது. இணையத்தில் 24,000 ரூபாய்க் குளிர்பெட்டிக்கு ஆறு மாதத் தவணை என்றபோது வட்டியே இல்லை என்றார்கள். பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், வட்டியைத் தள்ளுபடி என்ற பெயரில் விலையில் கழித்திருந்தாலும் அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக ஏறத்தாழ 180 ரூபாயும், நடைமுறைக் கட்டணம் வரியோடு 235 ரூபாயும் தனியே போயின. இதே பெட்டியை ஈரோட்டுக் கடையில் ரொக்கத்துக்கு 600 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லியிருந்ததை வாங்கிய பிறகுதான் படித்தேன்.

4,500 ரூபாய் மிச்சத்துக்கு எதிரே 26,830 ரூபாய் செலவு நிற்பதால், வழக்கில் என் கணவர் வென்றார் என்று நோட்டில் எழுதியாகிவிட்டது. செயலிகளை அழித்துவிடு என்ற அவருடைய தீர்ப்பை மட்டும் நான் ஏற்கவில்லை. கெபாசிட்டருக்காகக் கோயம்புத்தூர் போகப்போவது அவரல்லவே. அதற்குப் பதிலாக, அம்முச்சியின் சந்தை நாளை எடுத்துக்கொண்டேன். எந்த நாளில் எது கண்ணில் பட்டாலும் நோட்டில் எழுதி வைப்பேன். வியாழக்கிழமை மாலை மட்டுமே வாங்குவேன். இலவசமாகக் கொண்டுவருவதற்காக எதையும் சேர்க்காமல் 40 ரூபாயைக் கட்டிவிடுகிறேன். பொட்டலம் கொண்டுவரும் தம்பி மூன்றாவது வாரமே, "என்னுங்கக்கா, இப்பல்லாம் நம்மூட்டுக்கு ஒண்ணும் வர்றதில்லீங்களே?" என்று கேட்டுவிட்டான். சென்ற வியாழக்கிழமை நோட்டில் ஒன்பது பொருள்கள் இருந்தன. அவற்றில் நான்கினை எதற்காக எழுதினேன் என்பதே எனக்கு நினைவில்லை. இரண்டு கோபிக் கடைவீதியிலேயே கிடைத்தன. மீதி மூன்றில் இரண்டு புத்தகங்கள், ஒன்று மிக்சி கப்ளர். பழைய கப்ளர் மறுபடியும் தேய்ந்துவிட்டது.