ஆள் பிடிப்பதும் வழிகாட்டி தேடுவதும்

எங்கள் ஊரில் "நல்ல ஆளாப் பார்த்துப் பிடி" என்றால் யாரும் வழிகாட்டியை நினைப்பதில்லை. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) யாரைத் தெரியும், எந்த எம்.பி.க்கு யார் நெருக்கம் என்பதுதான் பேச்சு. வேலைக்கு ஆள் பிடிப்பது ஓர் அலுவல். வேலை சொல்லித்தர ஒருவரைத் தேடுவது முற்றிலும் வேறு. முதலாவதில் அவர் நமக்காக ஒரு போன் எடுப்பார், அதோடு சரி. இரண்டாவதில் போனெல்லாம் நாங்கள்தான் எடுக்க வேண்டும்.

நான் கட்டடத் துறையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். டிப்ளோமா முடித்து திருகோணமலையில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தபோது மேலதிகாரிதான் எல்லாம் பழக்குவார் என்று நம்பினேன். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் சம்பள உயர்வுக்குக் கையெழுத்து வைப்பவரிடமே "எனக்கு இது விளங்கவில்லை" என்று எத்தனை தரம் போய் நிற்பது? மேலதிகாரியையே வழிகாட்டியாக்கிக்கொள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எனக்குக் கிடைத்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). வீதி வேலைகளில் ஓவசியராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். மணல் லொறிக் கணக்குப் பார்க்க எங்கள் சைற்றுக்கு வருவார். "எனக்கு வழிகாட்டுவீங்களா?" என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கூச்சப்பட்டு ஓடியிருப்பார். ஒருநாள் கம்பி வளைப்பு அட்டவணையை நீட்டி, "நானா, இந்த ஒரு இடத்தை மட்டும் பாருங்கோ" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் பார்த்தார். அப்படித்தான் தொடங்கியது.

ஒரு கொங்கிறீற் நாள். கலவை இறுக்கம் என்று உப ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் கூம்பைத் தூக்கினால் கலவை நிற்கவில்லை, அப்படியே பரந்து சரிந்தது. தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பது படித்த விஷயம்தான். சத்தம் போடுகிற ஆண்களுக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது என்பது பாடத்தில் இல்லை. நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"சண்டை பிடிக்காத புள்ள. சைற் டயறிய எடு. நேரத்தப் போடு, ஸ்லம்ப் எவ்வளவெண்டு போடு, யார் யார் நின்டாங்க எண்டு போடு. கடைசியா போர்மன்ட கையெழுத்தக் கேளு."

கையெழுத்து என்றதும் தண்ணீர் வாளி தானாக ஒதுங்கியது. அந்தக் கலவையைத் திருப்பி அனுப்பினோம். பலம் பார்க்க 150 மில்லிமீற்றர் கட்டிகளை வார்த்து, 28ஆம் நாள் உடைத்துப் பார்த்துத் தலையில் கைவைக்க வேண்டி வரவில்லை.

அவருக்கு யார் தொழில் பழக்கியது என்று கேட்டால் "பாதையடிதான்" என்று சிரிப்பார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை வாகனங்களும் ஆட்களும் பாதை எனும் மிதவையில்தான் அக்கரை போக வேண்டும். இப்போதிருக்கும் பாலம் 396 மீற்றர்தான், அன்றைய காத்திருப்புத்தான் நீளம். எஞ்சினியர், ஓவசியர், கூலியாள் எல்லோரும் ஒரே தேத்தண்ணிக் கடையில் குந்தியிருப்பார்களாம். அங்கே பெரியவர்களின் வாயைக் கிளறியே பாதித் தொழிலைக் கற்றதாகச் சொல்வார். இன்று மோட்டார் சைக்கிளில் கண் மூடித் திறக்குமுன் தாண்டிவிடுகிறோம். பாலம் வேண்டாமென்று புத்தியுள்ள எவரும் சொல்லமாட்டார். ஆனால் அந்தக் காத்திருப்பில் தன்பாட்டில் நடந்ததை இப்போது நாங்களாக நேரம் ஒதுக்கி நடத்த வேண்டியிருக்கிறது. நாங்கள் சனிக்கிழமைப் பின்னேரங்களில் சந்திப்போம். நான் கேள்வியோடு போவேன். கேள்வி இல்லாவிட்டால் போவதில்லை, அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கட்டாருக்குப் போக ஒரு வாய்ப்பு வந்தபோது போ என்றோ போகாதே என்றோ அவர் சொல்லவில்லை. "அங்க உன்ட வேலையப் பார்த்துப் பிழை சொல்ல யார் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஒப்பந்தத்தைத் திரும்ப வாசித்தேன். பதவியின் பெயர்தான் பெரிது, வேலை ஸ்டோர் கணக்கு. இங்கேயே என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையின் 6ஆம் மட்டத்தை முடிப்பதென்று தீர்மானித்தேன்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் போவதில்லை. கணினியில் வரைவது அவருக்குப் பிடிக்காது, பென்சிலை விட்டால் மூளை மழுங்கும் என்பார். அந்த விஷயத்தில் அவர் சொல்லை நான் கேட்பதில்லை. ரெவிட் என்ற வரைபட மென்பொருளைச் சொல்லித்தருவது நிலாவெளியிலிருந்து வரும், என்னிலும் இளைய ஒரு பையன். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே நானாவைவிடக் கடுமையாகத் திட்டுவான். பதிலுக்கு அவனுடைய அளவைப் பட்டியல்களை நான் சரிபார்த்துக் கொடுக்கிறேன். போன கிழமை இரண்டு தூண்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தான்.