கிப்பரில் பனி பிந்தினால் பனிச்சிறுத்தைக்கு என்ன ஆகும்?

பிப்ரவரியில் கிப்பருக்குப் போனால் காலையில் ஒரே வேலைதான். பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று எதிர்ப்பக்கத்துப் பாறைகளை ஸ்கோப்பில் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். இமாச்சலத்தின் ஸ்பிதியில், காசா என்கிற சிறு நகரத்துக்கும் மேலே, சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் மேலே புல் பனிக்குள் புதைந்துவிடுவதால் பரல் என்கிற மலை ஆடுகள் கீழே இறங்குகின்றன, அவற்றின் பின்னாலேயே பனிச்சிறுத்தையும் வருகிறது. ஊர்க்காரர் ஒருவர்தான் எங்களுக்குக் காட்டினார். கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கு இருந்த அந்த வால் ஒருமுறை புரண்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆனால் ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் சிறுத்தையைப் பற்றிப் பேசவில்லை, பனியைப் பற்றித்தான் பேசினார். முன்பெல்லாம் டிசம்பரிலேயே விழுந்து நிற்கும், இப்போது பிப்ரவரி, மார்ச்சில் வந்து சீக்கிரமே கரைந்துவிடுகிறது என்றார். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, பருவமழை எட்டிக்கூடப் பார்க்காது. சீக்கிரம் விழுந்து இறுகிய பனி கோடையில் மெல்ல உருகி வாய்க்காலில் வந்தால்தான் பட்டாணியும் பார்லியும் விளையும், சரிவில் புல்லும் முளைக்கும். புல் குறைந்தால் ஊர் ஆடுகளும் யாக்குகளும் பரலும் ஒரே சரிவுக்குப் போட்டி போடும். பரல் குறைந்தால் சிறுத்தை கொட்டிலுக்கு வரும். அடைத்த கொட்டிலுக்குள் இறங்கிவிட்டால் ஒன்றோடு நிற்காது, ஒரு குடும்பத்தின் வருஷச் சம்பாத்தியமே போய்விடும்.

சூடு கூடினால் சிறுத்தைக்கு வியர்க்கும் என்பதல்ல பிரச்சினை. இமயமலையின் ஈரமான பகுதிகளில் காடு மேலேறுகிறது, மேலே போனால் வெறும் பாறையும் பனியும், நடுவில் அது வாழ்கிற பட்டை ஒடுங்குகிறது. மரங்கள் வளரும் மேல் எல்லையான மரக்கோடு இப்படி உயர்ந்தால் இமயத்தில் அதன் வாழிடத்தில் சுமார் 30 சதவீதம் வரை போகலாம் என்று 2012இல் ஓர் ஆய்வு கணித்தது. மரமே இல்லாத ஸ்பிதியில் கதை வேறு, இங்கே எல்லாம் தண்ணீர்தான்.

இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் என்று 2024இல் அரசு வெளியிட்ட கணக்கைச் சொல்லி பலர் சந்தோஷப்படுகிறார்கள். என்னால் முடியவில்லை. நாடு முழுக்க எடுத்த முதல் கணக்கு அது, கூடியதா குறைந்ததா என்று பார்க்க முந்தைய எண்ணே கிடையாது.

கிப்பர் மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை 1990களின் கடைசியிலேயே பரலுக்காக ஒதுக்கிவிட்டார்கள். மைசூருவின் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்கிற அமைப்பு துணை நின்றது. அப்புறம் பரல் பெருகியது. கால்நடைக் காப்பீடும் வந்தது, கொட்டில்களுக்குக் கம்பி வலையும் வந்தது. இவ்வளவு செய்த ஊரின் ஆளான எங்கள் வீட்டுக்காரர்தான் கேட்கிறார்: பட்டாணி பொய்த்துப்போனால் ஆடு மாட்டைத்தானே நம்பணும், அப்போது அந்தச் சரிவை எப்படிச் சும்மா விடுவது?

போகிறவர்கள் கிப்பரிலேயே யார் வீட்டிலாவது தங்குங்கள், சிறுத்தையைத் தேடிக் காட்டவும் அந்த ஊர் ஆளையே அமர்த்துங்கள். அந்தச் சரிவு மேயப்படாமல் இருக்க இந்தக் குளிர்கால வருமானமும் ஒரு காரணம்.